இரண்டாம் வருஷத்துக்கு முன்னால்

மே 18, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை, நடைவழியிலேயே கிடக்கிறது. அப்பா போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார், ஒரு வார்த்தை சொல்வதில்லை. இன்று காலை மட்டும், "உன் பெட்டிக்குள்ள ஆள் யாராவது இருக்காங்களா? நகரவே மாட்டேங்குதே" என்றார்.

"கல்லுப்பா" என்றேன்.

உண்மையும் அதுதான். ஒவ்வொரு துணிக்குள்ளும் ஒரு கல்லைப் பொதிந்து கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்துக் காட்டினேன். அப்பா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஏந்திப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, எதைக் கொடுத்தாலும் முதலில் எடைதான் பார்ப்பார்.

"இதுக்கா ஒரு வருஷம் படிச்சே?"

"முதல் வருஷம் கல்லை வெளியிலேர்ந்து பாக்கறது. ரெண்டாம் வருஷம்தான்ப்பா உள்ளே பாக்கறது."

பரீட்சை முடிந்த அன்று சீனியர் அக்கா ஒருத்தி என்னைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவை பார்க்கவிட்டாள். கல்லைத் துண்டாக அறுத்து, ஒளி ஊடுருவிப் போகிற அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார்கள். வெறுங்கண்ணுக்குச் சாம்பல் நிற அழுக்கு. உள்ளே பார்த்தால் — எப்படி எழுதுவது? நீலம், ஆரஞ்சு, ஊதா. தட்டைக் கொஞ்சம் திருப்பினால் எல்லா நிறமும் மாறுகிறது. "போதும், இறங்கு. அடுத்த வருஷம் உனக்கே உனக்குன்னு ஒண்ணு தருவாங்க" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். கல்லூரி மூடிய மறுநாளே, எப்போது திறக்கும் என்று கேட்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இதையெல்லாம் கை காலை ஆட்டிச் சொன்னேன். அப்பாவுக்குப் பாதி புரிந்திருக்கும். ஆனால் நான் பேசி முடிக்கிறவரை கையிலிருந்த கல்லைக் கீழே வைக்கவில்லை.

மே 21, புதன்

அப்பாவின் முன்பல் ஓட்டை காணாமல் போயிருக்கிறது! எனக்கு நினைவு தெரிந்த நாளாக இருந்த ஓட்டை. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாரே, அது. நான் வந்து பத்து நாளாகக் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

"எப்பப்பா கட்டினே?"

"குளிர் காலத்துல."

"ஃபோன்ல சொல்லவே இல்லை?"

"பல்லைப் பத்தி ஃபோன்ல என்னத்தச் சொல்றது? நல்லா இருக்கேன், அதுவும் நல்லா இருக்குன்னா?"

அதுவும் சரிதான். ஆனால் அழகாக இருக்கிறார்.

மே 24, சனி

வலது பக்கம் கடைசிப் பல் முளைக்கிறதா குடைகிறதா தெரியவில்லை. ஞானப்பல்லாம். பரீட்சைக்கு முன்னால் வந்திருந்தாலாவது உபயோகமாக இருந்திருக்கும்.

மே 29, வியாழன்

வாத்து ஃபோன் பண்ணினாள். (என் அறைத்தோழி. நடை அப்படி. அவள் என்னைக் கூப்பிடுவது 'கல்லு'.) இந்த வருஷம் எங்களுக்கு மேல்மாடி அறை கிடைக்குமாம். விடுதிக் காப்பாளரிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறாள்.

"ஜன்னல் பக்கக் கட்டில் உனக்குத்தான்டி. உனக்காக நான் கதவுப் பக்கம் படுத்துக்கறேன். என் தியாகத்தை யாராவது பாராட்டுங்கப்பா."

"போன வருஷம் ஜன்னல்ல படுத்தது யாரு?"

"அது போன வருஷம்."

முதல் மாதம் நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாகக் குளியலறைக்குள் போய் அழுதோம், வீட்டு ஞாபகத்தில். ஒருத்திக்கு ஒருத்தி தெரியக் கூடாது என்று குழாயை வேறு திறந்துவிட்டுக்கொண்டு. அப்பாவிடம் அதைச் சொன்னதே இல்லை. 'நல்லா இருக்கேன்ப்பா' என்றுதான் சொல்வேன். அவரும் 'நல்லா இருக்கேன்டா' என்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நல்லாவே இருந்தோம்.

ஜூன் 3, செவ்வாய்

அப்பா விழுந்துவிட்டார்.

மொட்டை மாடியில் லிஃப்ட் மெஷின் இருக்கிற அறையிலிருந்து இரும்பு ஏணியில் இறங்கும்போது. கடைசிப் படிகளில்தானாம், அதனால் தப்பித்தார். வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அத்தைதான் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் போகும்போது மாவுக்கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிக்கிறார்! "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா." முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு, ஒண்ணுமில்லையாம்.

நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 4, புதன்

காலையில் சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிட்டேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், சின்னப் பையன் மாதிரி. நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா போனாள். அதற்கப்புறம் எனக்குப் பின்னல் போட்டுவிட்டது இந்தக் கைதான். லிஃப்ட் கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்குவார். பள்ளி விட்டு வரும்வரை ஒரு முடி அசையாது. தலைதான் வலிக்கும்.

கையைத் தாங்க ஒரு துணித் தூளி. கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டேன். "இறுக்கமா இருக்காப்பா?" என்றேன். "கச்சிதம்" என்றார்.

போன வருஷம் இப்படி ஆகியிருந்தால்? பொத்தானை யார் போட்டிருப்பார்கள்?

ஜூன் 9, திங்கள்

அத்தையின் ஜெராக்ஸ் கடையில் மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் ஒரே அக்கா, பக்கத்துத் தெரு. மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவள் ரகசியம் சொன்னால்கூடத் தெருவுக்கே கேட்கும்.

"நான் குறை சொல்லலை. நீ படிக்கிறே, சந்தோஷம். ஆனா அவன் தனியா வந்து, தனியா ஆக்கி, தனியாத் தின்னு... ஒரு ஞாயித்துக்கிழமை நான் போறப்ப நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டிருந்தான். ஏன்டா உக்காரலைன்னா, ஒரு ஆளுக்கு எதுக்கு மேஜைங்கறான்."

ஒரு ஆளுக்கு எதுக்கு மேஜை.

வீடு வரைக்கும் இதே வரி கூட வந்தது.

இங்கேயே ஒரு கல்லூரி இருக்கிறது. நடந்து போகிற தூரம். நில அறிவியல் கிடையாது. வணிகவியல் இருக்கிறது. அத்தைக்கு அங்கே அலுவலகத்தில் ஒருவரைத் தெரியும், இப்போது கேட்டால் இடம் கிடைக்குமாம்.

ஜூன் 10, செவ்வாய்

முடிவு பண்ணிவிட்டேன். டி.சி. வாங்கிக்கொண்டு இங்கேயே சேர்ந்துவிடுகிறேன்.

எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்ன வரி.

வாத்துவுக்கு எப்படிச் சொல்வது?

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். கண் கலங்குவார், தலையைத் தடவுவார், வேண்டாம் என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு அப்புறம் சரி என்பார். இப்படித்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேண்டாம்."

"நான் நல்லா யோசிச்சுத்தான்ப்பா—"

"வேண்டாம்னா வேண்டாம்."

எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். குரல் உயர்த்தவில்லை. ஆனால் அந்த முகம்! கோபம்கூட இல்லை. பயந்துபோன மாதிரி இருந்தது.

எனக்குப் புரிகிறது. என் படிப்பு கெடக் கூடாது என்று தன் கஷ்டத்தை விழுங்குகிறார். விழுங்கட்டும். நானும் அவர் பெண்தான், பிடிவாதத்தில் குறைச்சல் இல்லை.

வாத்துவிடம் சொன்னேன். "அப்ப நான் யாருக்காகடி கதவுப் பக்கம் படுக்கணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மைக்ரோஸ்கோப்பைப் பற்றி நினைக்கக் கூடாது.

ஜூன் 16, திங்கள்

அப்பா எதையோ மறைக்கிறார். கையில் கட்டோடு தினமும் மத்தியானம் வெளியே போகிறார். எங்கே என்றால், "அந்த ஆறு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் தகராறு பண்ணுது. புதுசா வந்த மெக்கானிக்குக்குப் பக்கத்துல நின்னு சொல்லித்தரணும்" என்கிறார். அப்படி என்ன தகராறு, வாரக் கணக்கில்? அதுவும் தலையைப் படிய வாரிக்கொண்டு, நீலச் சட்டைதான் வேண்டும் என்று கேட்டுப் போட்டுக்கொண்டு?

கை சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாரோ? வேறு யாராவது டாக்டரைப் பார்க்கப் போகிறாரோ? அந்தக் கை இல்லாமல் அவர் வேலை என்ன ஆவது? என்னிடம் சொன்னால் நான் உடைந்துவிடுவேன் என்று நினைக்கிறாரா?

என் பல் வேறு தெறிக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

வலி மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு நானே அந்தக் கட்டடத்துக்குப் போனேன்.

வாசலில் காவலாளி. "எங்கப்பா லிஃப்ட் ரிப்பேர் எந்த மாடியில பாக்கறாரு அண்ணே?"

"ரிப்பேரா? அது வெண்ணெய் மாதிரில்ல போயிட்டிருக்கு. உங்கப்பா கை வச்சதுக்கப்புறம் ஒரு நாளும் நிக்கலையேம்மா."

"அப்ப அவரு தினமும் இங்க வர்றாரே..."

அவர் என் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். கடைசியில், "நாலாவது மாடி" என்றார், தன்னை யாரோ பிடித்துக் கொடுத்துவிட்ட மாதிரி.

லிஃப்ட் வெண்ணெய் மாதிரிதான் போனது.

நாலாவது மாடியில் பல் டாக்டர் கிளினிக். சாப்பாட்டு நேரம், கதவில் 'மூடியிருக்கிறது' என்று பலகை. கண்ணாடிக் கதவு. உள்ளே காத்திருக்கிற நாற்காலியில் அப்பா. பக்கத்தில் வெளிர்பச்சை அங்கி போட்ட ஒரு அம்மா, அத்தை வயசு இருக்கலாம். ஆப்பிளை நறுக்கி நறுக்கி மூடியில் வைக்கிறார். அப்பா இடது கையால் எடுத்துச் சாப்பிடுகிறார். ஏதோ சொல்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அப்பா வாயை மூடிக்கொள்ளாமல் சிரிக்கிறார்.

அப்புறம் அந்த அம்மா எழுந்து அப்பாவுக்குப் பின்னால் போய், தூளி முடிச்சை அவிழ்த்து, நகர்த்தி, வேறு மாதிரிக் கட்டினார்.

நான் கட்டின முடிச்சு. காலையில நான் கட்டினது.

அது சரியில்லன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? 'கச்சிதம்'னு சொன்னியேப்பா. இவ்ளோ நாளா கழுத்து வலிச்சுதா? ஏன் சொல்லலை? நான் படிப்பை விட்டுட்டு — எல்லாத்தையும் விட்டுட்டு இங்கயே இருக்கேன்னு சொல்றேன், நீ இங்க வந்து ஆப்பிள் சாப்பிட்டுட்டு இருக்கே!

அந்த அம்மாதான் நிமிர்ந்து என்னை முதலில் பார்த்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவருக்கு. கதவைத் திறந்து, "நீங்க... கல்லு படிக்கிற பொண்ணுதானே?" என்றார்.

மாத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கி வந்துவிட்டேன். அப்பா கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை.

ஜூன் 18, புதன்

பேசவில்லை. காலையில் பொத்தான் மட்டும் போட்டுவிட்டேன். தூளியை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று காலை அப்பா அடுக்களையில் நின்று இடது கையால் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார். முட்டை வழுக்கி வழுக்கி ஓடுகிறது. உதவி கேட்கவில்லை. நானும் போகவில்லை. முட்டையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

போன வருஷம் நான் கல்லூரிக்குப் போன கொஞ்ச நாளில் அந்தக் கட்டடத்து லிஃப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டதாம். உள்ளே அந்த அம்மா மட்டும். அப்பா போனபோது, "நீங்க வேலையைப் பாருங்க, ஆனா பேசிக்கிட்டே இருங்க. சத்தம் நின்னா எனக்கு மூச்சு முட்டுது" என்றாராம் உள்ளேயிருந்து.

"நான் என்னத்தப் பேசுவேன்? எனக்குத் தெரிஞ்சது லிஃப்டு. லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட லிஃப்டைப் பத்திப் பேச முடியுமா? உன்னைப் பத்திப் பேசினேன். பொண்ணு கல்லு படிக்கப் போயிருக்கா, வீடு சத்தமில்லாம இருக்குன்னு. கதவு திறக்கறவரைக்கும் உன் கதைதான்."

அப்புறம் நன்றி சொல்ல வந்தவர், அப்பாவின் பல்லைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் வரச் சொன்னாராம். அப்படியே. கல்யாணமாகி, அது முறிந்து, பல வருஷமாகத் தனியாக இருக்கிறவர். பிள்ளை இல்லை.

"எப்ப என்கிட்ட சொல்றதா இருந்தே?"

"நீ காலேஜுக்குப் போனப்புறம். ஃபோன்ல."

"ஃபோன்லயா?"

"மூஞ்சியப் பார்த்துச் சொல்ல தைரியம் இல்லடா."

"அப்ப நான் எப்ப கிளம்புவேன்னு காத்துக்கிட்டிருந்தே."

பொய் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிடு என்றும் நினைத்தேன்.

"ஆமா" என்றார்.

முட்டை உரிந்து முடிந்திருந்தது. பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போய்விட்டிருந்தது. அதைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

நான் சாப்பிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. பசித்தது.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா தும்மினால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழும். அது ஞாபகம் இருக்கிறது. அவள் என்னைக் கூப்பிடுகிற குரல் ஞாபகம் இல்லை. எவ்வளவு முயன்றாலும் என் குரலில்தான் கேட்கிறது.

அப்பாவுக்கு ஞாபகம் இருக்குமா? கேட்டேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நானாகக் கேட்டது இதுதான்.

"இருக்கு" என்றார். "சமையல் பண்ணும்போது நல்லாக் கேட்கும்."

அந்த அம்மாவிடமும் இதைச் சொல்லியிருக்கிறாராம். அவர், "நானும் கேட்கலாமா?" என்றாராம்.

கோபமாகவே இருக்கத்தான் பார்க்கிறேன். பிடி நழுவுகிறது.

நான் தியாகம் பண்ணப்போவதாக எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. யாருக்கும் வேண்டாத தியாகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஜூன் 26, வியாழன்

சிரிப்பதா அழுவதா.

காலையில் எழுந்தால் கன்னம் பந்து மாதிரி வீங்கியிருக்கிறது, வாய் திறக்க முடியவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "எனக்குத் தெரிஞ்ச ஒரே பல் டாக்டர்..." என்றார். நான் வலியில் தலையாட்டினேன். எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போ, பிடுங்கினால் சரி.

டாக்டர் அவசரமே இல்லாத மனிதர். ஊசி போட்டுவிட்டு, "மரத்துப் போகட்டும்" என்று அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் மல்லாந்து கிடக்கிறேன், வாயில் பஞ்சு, கழுத்தில் காகிதத் துண்டு. பக்கத்தில் எச்சில் உறிஞ்சுகிற குழாயோடு அந்த அம்மா. நான் பேச முடியாது, எழுந்து ஓடவும் முடியாது.

அவரும் அதை யோசித்திருக்க வேண்டும். "இப்ப நான் ஏதாவது சொன்னா, வாயைத் திறக்க முடியாத பொண்ணுகிட்டப் பேசின பாவம் எனக்கு வரும்" என்றார். "இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேங்க."

என்னை 'நீங்க' என்றுதான் சொல்கிறார்.

"நீங்க இங்கயே தங்கப் போறீங்கன்னு உங்கப்பா சொன்னாரு. நான் அவர்கிட்ட, அப்படி நடந்தா நான் ஒதுங்கிக்கறேன்னு சொல்லிட்டேன். கோவத்துல இல்லீங்க. அந்த வீட்டுல நான் ஒரு டீ குடிச்சாக்கூட, உங்க காலேஜைக் குடிக்கிற மாதிரி இருக்கும் எனக்கு."

குழாய் கொர்ரென்று உறிஞ்சியது. நான் கூரை விளக்கையே பார்த்தேன். இவர் இப்படிச் சொல்வார் என்று அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கும், அதனால்தான் டீ கொடுத்த அன்றைக்கு அவர் முகம் அப்படி ஆயிற்று. என்னிடமிருந்து தப்பிக்க நினைக்கவில்லை அவர். இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்ததில் ஒன்று நழுவுகிறதே என்ற பயம். அதுவும் ஒரு கை ஒடிந்த நேரத்தில்.

பல் வந்துவிட்டது. பஞ்சைக் கடித்துக்கொண்டு, பாதி முகம் யாருடையதோ மாதிரி மரத்துப்போக, கிளம்பும்போது நான் கேட்டேன்: "முழிச்சு... எப்பழிப் போழணும்?"

"என்னங்க?"

கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். தூளி. முடிச்சு.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் ஒரு துண்டை எடுத்து என் தோளிலேயே கட்டிக் காட்டினார். முடிச்சு பின்கழுத்து எலும்பு மேலே வரக் கூடாதாம், பக்கவாட்டில் தோளுக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டுமாம். அப்போது உறுத்தாது. அவர் விரல்களில் கிராம்பு வாசனை.

வெளியே அப்பா பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 27, வெள்ளி

தூளி நான்தான் கட்டினேன். பக்கவாட்டில். அப்பா "கச்சிதம்" என்று சொல்லவில்லை. கையை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு என் கன்னத்தை — வீங்காத பக்கம் — தட்டினார்.

ஜூன் 30, திங்கள்

அத்தையிடம் போனேன். "டி.சி. வாங்கலை அத்தை. ரெண்டாம் வருஷம் அங்கயே போறேன்."

"அப்ப அவனை யாரு பாத்துப்பா?"

மெஷின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு ஒருத்தங்க இருக்காங்க அத்தை."

பச்சை வெளிச்சம் அவள் முகத்தின் குறுக்கே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. திரும்பி வந்தது. அவள் அசையவில்லை.

"யாரு?" முதல் முறையாக மெதுவாகப் பேசினாள். "எப்படி ஆளு? வயசென்ன? பல்லெல்லாம் நல்லா இருக்கா?"

"பல் டாக்டர்கிட்டதான் வேலை பாக்கறாங்க."

"அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நின்னுக்கிட்டே சாப்பிட்டான் பாரு, அந்தக் கழுதை. சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றாள்.

நான் வெளியே வந்ததும் வாத்துவுக்கு ஃபோன் போட்டேன். முதலில் கத்தினாள், அப்புறம் முழுக் கதையும் கேட்டாள்.

"அவங்களை நீ என்னன்னு கூப்பிடுவே? பல்லக்கா?"

"ச்சீ."

"பல்லக்குல ஏறி வருவாங்கன்னு சொல்லு."

சிரித்ததில் பல் பிடுங்கின இடத்துத் தையல் வலித்தது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று முதல் முறையாக அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான்தான் அப்பாவிடம் கூப்பிடச் சொன்னேன். தயாராகத்தான் இருந்தேன். நாற்காலியில் உட்காராமல் ஃப்ரிட்ஜ் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். அம்மாவின் படத்தை ஒளிந்து பார்க்கவில்லை, நேராகப் போய் நின்று பார்த்தார். அத்தை வேறு வந்து ஊர்க் கதையெல்லாம் கத்திக்கொண்டிருந்தாள். எல்லாம் நன்றாகவே போனது.

அப்புறம் டீ போட எழுந்தவர், கேட்காமலே மேல் அலமாரியைத் திறந்து சர்க்கரை டப்பாவை எடுத்தார்.

முதல் முறை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சுருக்கென்றது. அவரும் டப்பாவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அப்பா காது சிவந்து ஜன்னலைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "எனக்கு அரை ஸ்பூன் போதும்" என்று மட்டும் சொன்னேன்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று யார் சொன்னது? என் வீட்டில், நான் இல்லாதபோது, ஒரு வாழ்க்கை நடந்திருக்கிறது. விடுதிக் குளியலறையில் நான் குழாயைத் திறந்துவிட்டு அழுததும், அப்புறம் சிரிக்கத் தொடங்கியதும் அப்பாவுக்குத் தெரியாமல் நடந்த மாதிரி. தெரிகிறது. இருந்தாலும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே இருந்த கை சூம்பி, வெளுத்து, வேறு யாருடைய கை மாதிரியோ இருந்தது. நீலச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பொத்தானுக்கும் அவ்வளவு நேரம். நான் என் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கழுத்துப் பொத்தானை மட்டும் விட்டுவிட்டு, "இது உன் கோட்டா" என்றார்.

போட்டுவிட்டேன்.

ஜூலை 12, சனி

பெட்டி கட்டுகிறேன். ஆசை திரும்பி வந்துவிட்டது! இவ்வளவு நாளாக எங்கே போய் ஒளிந்திருந்ததோ. துணி மடிக்க மடிக்க மனசு முன்னால் ஓடுகிறது. மேல்மாடி அறை, ஜன்னல், வாத்துவின் குறட்டை, ஆய்வுக்கூடத்து மண்ணெண்ணெய் வாடை, எனக்கே எனக்கான மைக்ரோஸ்கோப். போன வருஷம் போகும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு கயிறு இழுத்துக்கொண்டே இருந்தது. இந்த வருஷமும் இழுக்கும். ஆனால் அப்பா இனி நின்றுகொண்டே சாப்பிட மாட்டார்.

கற்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். அப்பா கேட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

பேருந்தில் எழுதுகிறேன், கோணல் மாணலாக.

அப்பா மட்டும்தான் வழியனுப்ப வந்தார். அந்த அம்மா, "அது உங்க ரெண்டு பேரோட நேரம்" என்று வரவில்லையாம். அப்பாடா என்று இருந்தது. பேருந்து கிளம்பியதும், வந்திருக்கலாமே என்றும் இருந்தது. என்ன மனசோ இது.

ஜன்னலுக்கு வெளியே அப்பா பழைய பழக்கத்தில் வலது கையைத் தூக்கி ஆட்டினார், வலித்து முகம் சுளித்து, இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"போய்ப் பாரு" என்றார் கடைசியாக. "உள்ளே என்ன இருக்குன்னு பாத்துட்டு எனக்குச் சொல்லு."

ஜூலை 15, செவ்வாய்

இரண்டாம் வருஷம்! ஆறாம் எண் மைக்ரோஸ்கோப் என்னுடையது. திருகு கொஞ்சம் லொடலொட. பரவாயில்லை. முதல் கல்லை வைத்ததும் என்னையறியாமல் "அம்மா" என்றேன், சத்தமாக. வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை, "முதல் நாள் நானும் அதையேதான் சொன்னேன்" என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

ஒரு மாசத்துக்கு மேல் எழுதவே இல்லை. நேரம் எங்கே? கல் அறுத்து, தேய்த்து, உடைத்து, மறுபடி அறுத்து... நாளைக்கு விடிந்ததும் மலைப் பக்கம் களப்பயணம், நாலு நாள். வாத்து இப்போதே தொப்பி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

சாயங்காலம் அப்பா ஃபோன் பண்ணினார். திருகாணி முடுக்க வருகிறதாம், கனமான சாமான்தான் இன்னும் தூக்க முடியவில்லையாம். மழை வருமா, பாம்பு இருக்குமா, கூட யார் வருகிறார்கள் என்று கேட்டுவிட்டு, "இந்தா, பேசு" என்று கொடுத்துவிட்டார்.

"எல்லாம் எடுத்து வச்சாச்சாங்க? மாத்திரை? காலுறை? ஈரமானா மாத்திக்கணுமே, ரெண்டு ஜோடியாவது வச்சீங்களா?"

"வச்சிட்டேன் சித்தி" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை. பின்னால் அப்பா ஏதோ பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்டது.

"மூணா வை" என்றார் சித்தி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "மூணு ஜோடியா வச்சுக்கோ."

மூன்றாவது ஜோடி என்னிடம் இல்லை. வாத்துவுடையதை எடுத்து வைத்திருக்கிறேன்.